கை முந்தியதா, எண்ணம் முந்தியதா?

கற்பிட்டிப் பக்கத்துச் சகோதரிகள் பலரும் விடிகாலையில் தோணி தள்ளுவதைப் பார்த்திருப்பீர்கள். நான்கைந்து பேர் தோளைக் கொடுத்துத் தள்ளுவார்கள். அலை தூக்கும் நேரத்தில் கடைசி ஆள் தாவி ஏறிக்கொள்வார். அப்படி நாற்பது வருடம் தாவிய ஒரு வயதான நானாவிடம் ஒருநாள், "இப்ப ஏறணும் எண்டு எப்ப நினைப்பீங்க நானா?" என்று கேட்டேன். அவர் சிரித்தார். "நினைச்சிட்டு நிண்டா தண்ணிக்குள்ளதான் மகள். கால் ஏறினப் பொறகுதான் நான் ஏறிட்டன் எண்டு எனக்கே தெரியும்" என்றார்.

அப்போது அதை ஒரு வேடிக்கைப் பேச்சாகத்தான் எடுத்துக்கொண்டேன். அது வேடிக்கையல்ல என்று எனக்கு உணர்த்தியவர் வேறொரு சகோதரி. அவரது அனுமதியோடு, ஊரையும் பெயரையும் விட்டுவிட்டு, அவர் கதையை இங்கே எழுதுகிறேன். அவரை ராத்தா என்றே குறிப்பிடுகிறேன். நான் அவரை அழைப்பதும் அப்படித்தான்.

நான் இந்தக் கரையோரக் கிராமங்களில் பத்து வருடங்களுக்கு மேலாகச் சமூக சேவையாளராக வேலை செய்கிறேன். பல்கலைக்கழகத்தில் படித்தது சமூகவியல். ஆனால் நானும் வெளியிலிருந்து வந்தவள் அல்ல. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்கள் அனைவரையும் வெளியேற்றியபோது எனக்கு ஒன்றரை வயது. யாழ்ப்பாணத்தில் ஒக்டோபர் 30ஆம் திகதி கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டே மணித்தியாலங்கள். மன்னார்த் தீவில் ஒலிபெருக்கியில் அறிவித்துச் சில நாட்கள் கொடுத்தார்கள். வடக்கு முழுவதிலுமாக 70,000க்கும் மேற்பட்டவர்கள் அந்த ஒரு மாதத்தில் வீடு வாசலை விட்டார்கள். மன்னார்த் தீவிலிருந்து பெருந்தொகையானோர் தோணிகளிலும் இயந்திரப் படகுகளிலும் ஏறி இந்தக் கற்பிட்டிக் கரையில் வந்து இறங்கினார்கள். என்னை உம்மா சீலைத் தலைப்பால் நெஞ்சோடு கட்டிக்கொண்டு வந்தார். எனக்கு எதுவும் நினைவில்லை. நினைவிருப்பவர்களின் பாரம்தான் என் தொழிலாகிவிட்டது.

ராத்தாவுக்கு அப்போது பதினாறு வயது. உம்மம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நின்றிருக்கிறார். மழை இருட்டு. உம்மம்மா ஏறமாட்டேன் என்று அடம்பிடித்திருக்கிறார். "நான் இந்த மண்ணில மெளத்தாகிறன், நீங்க போங்க" என்றாராம். தோணியில் இருந்தவர்கள் சத்தம் போட, ஒரு அலை வந்து தோணியைத் தூக்க, ராத்தா தாவி ஏறிவிட்டார். உம்மம்மாவின் கை கழன்றுவிட்டது. தோணி திரும்பவில்லை.

உம்மம்மாவை யாரோ மூன்றாம் நாள் வேறொரு படகில் ஏற்றி அனுப்பினார்கள். காய்ச்சலோடு வந்து சேர்ந்தவர், இங்கே ஒரு பள்ளிக்கூடக் கட்டடத்தில் பத்து நாள் கிடந்து மெளத்தானார்.

இந்தக் கதையை ராத்தா என்னிடம் சொன்னபோது அழவில்லை. ஒரு கணக்கை ஒப்புவிப்பவர் போலச் சொன்னார். முடிவில் அவர் சொன்ன வார்த்தைதான் என்னைத் தூங்கவிடவில்லை.

"கை வழுக்கிப் போச்சு எண்டு எல்லாரும் சொல்றாங்க தங்கச்சி. வழுக்கேல்ல. நான் விட்டன். விட்டுரு எண்டு முதல்ல மனசு சொல்லிச்சு. அது நல்லா ஞாபகம் இருக்கு. அதுக்குப் பொறகுதான் கை விட்டுது. என்ட நிய்யத் அதுதான். நாளைக்கு அல்லாஹ் கேட்டா நான் என்ன சொல்ல?"

முப்பது வருடத்துக்கும் மேலாக அவர் இந்த ஒரு கணத்தை மட்டும் திரும்பத் திரும்ப விசாரித்து வந்திருக்கிறார். நீதிபதியும் அவரே, சாட்சியும் அவரே, குற்றவாளியும் அவரே. பக்கத்து வீட்டார், "நீ அப்பிடி நினைச்சிருக்கமாட்டாய்" என்று ஆறுதல் சொன்னால் அவருக்குக் கோபம் வரும். என் மனதில் என்ன இருந்தது என்று எனக்கல்லவா தெரியும் என்பது அவர் வாதம்.

உண்மையில் நமக்குத் தெரியுமா? நம் கை அசைவதற்கு முன் நம் மனதில் எழுந்த எண்ணம் என்ன, அது எப்போது எழுந்தது என்பதை நாம் பிழையில்லாமல் அறிகிறோமா?

கடிகாரமும் விரலும்

உளவளத்துணைப் பயிற்சி ஒன்றில் இந்தக் கேள்வியைப் பற்றிய ஒரு பாடம் எங்களுக்கு நடந்தது. அதைப் பின்னர் நானும் தேடிப் படித்தேன். என்னால் இயன்ற அளவு எளிமையாகச் சொல்கிறேன்.

1965இல் ஜேர்மனியில் கோர்ன்ஹூபர், டேக்கே என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஒன்றைக் கண்டறிந்தார்கள். ஒருவர் தன் விருப்பப்படி விரலை அசைப்பதற்கு ஒரு செக்கன் அளவு முன்பே, தலையில் பொருத்திய கருவியில் மெதுவாக ஏறும் ஒரு மின்மாற்றம் தெரிந்தது. மூளை அசைவுக்கு ஆயத்தமாவது போல அது இருந்தது.

அதன் பின்னர் அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோவில் பெஞ்சமின் லிபெட் என்பவர் இன்னொரு கேள்வி கேட்டார். மூளை ஆயத்தமாகும் நேரம் தெரிகிறது. அந்த மனிதருக்கு "இப்போது அசைக்கப்போகிறேன்" என்ற எண்ணம் தோன்றுவது எந்த நேரம்? அவருடைய ஆய்வு 1983இல் வெளிவந்தது. ஆய்வுக்கு வந்தவர்களை ஒரு கடிகாரம் போன்ற திரைக்கு முன் உட்கார வைத்தார். அதில் ஒரு வெளிச்சப் புள்ளி 2.56 செக்கனுக்கு ஒரு சுற்று வேகமாகச் சுற்றும். மனம் வந்தபோது கையை அசைக்க வேண்டும். பின்னர், எண்ணம் எழுந்த வேளையில் புள்ளி எங்கே நின்றது என்று சொல்ல வேண்டும்.

அவர்கள் சொன்ன நேரம், கை அசைவதற்கு ஏறத்தாழ 0.2 செக்கன் முன்பு. ஆனால் மூளையின் மின்மாற்றமோ அரைச் செக்கனுக்கும் சற்றுக் கூடுதலாக முன்பே தொடங்கியிருந்தது. அதாவது "நான் நினைத்தேன்" என்று ஒருவர் சொல்லும் நேரத்துக்கு முன்னரே உள்ளே ஏதோ நடக்கத் தொடங்கிவிட்டது.

இது பெரும் வாதங்களைக் கிளப்பியது. அப்படியானால் மனிதருக்குச் சொந்த விருப்பமே இல்லையா என்று சிலர் கேட்டார்கள். அந்தப் பெரிய கேள்விக்கு நான் வரவில்லை. எனக்கு முக்கியமாகப் பட்டது அதற்குப் பிந்திய ஒரு சிறிய ஆய்வு.

2009இல் பாங்க்ஸ், இஷாம் என்ற இருவர் இப்படிச் செய்தார்கள். ஆட்கள் விரும்பிய நேரத்தில் ஒரு பொத்தானை அழுத்தினார்கள். அழுத்திய பிறகு ஒரு சின்ன "பீப்" சத்தம் வரும். அந்தச் சத்தத்தை ஒரு செக்கனின் நூறில் சில பங்கு மட்டும் சில தடவைகளில் தாமதமாக்கினார்கள். எண்ணம் எப்போது வந்தது என்று கேட்டால், சத்தம் பிந்தப் பிந்த ஆட்கள் சொன்ன நேரமும் பிந்தியது. சற்று யோசித்துப் பாருங்கள். எண்ணம் வந்தது அழுத்துவதற்கு முன்பு. சத்தம் வந்தது அழுத்திய பின்பு. பின்னால் வந்த ஒன்று முன்னால் நடந்ததை எப்படி மாற்றும்? எண்ணம் மாறவில்லை, எண்ணத்தைப் பற்றிய அவர்களுடைய கணக்குத்தான் மாறியது. நடந்ததைப் பார்த்துவிட்டு, அதற்குப் பொருத்தமாக எண்ணத்தின் நேரத்தையும் மனம் ஒரு பகுதியாவது பின்னாலிருந்து கட்டி எடுக்கிறது.

இதைப் படித்தபோது எனக்கு ராத்தாவின் வார்த்தைதான் ஞாபகம் வந்தது. "முதல்ல மனசு சொல்லிச்சு. அதுக்குப் பொறகுதான் கை விட்டுது." ஓர் அமைதியான அறையில், வெறும் பொத்தானை அழுத்துகிறவருக்கே அந்த வரிசையைச் சரியாகச் சொல்ல முடியவில்லை. இருட்டில், மழையில், துவக்குப் பயத்தில் நின்ற பதினாறு வயதுப் பிள்ளை, அதையும் ஆயிரம் தடவை மீட்டிப் பார்த்த பிறகு, எப்படிச் சொல்ல முடியும்?

முன்பள்ளியில் ஒரு மாலை

நான் இதை நேரடியாக ராத்தாவிடம் கொண்டுபோய்ச் சொல்லவில்லை. மனம் நொந்த ஒருவரிடம் ஆராய்ச்சி பேசுவது ஆறுதல் ஆகாது என்பதை அனுபவத்தில் கற்றிருக்கிறேன். எங்கள் மகளிர் சங்கம் மாதத்தில் ஒருநாள் முன்பள்ளிக் கட்டடத்தில் கூடும். சேமிப்புக் கணக்கு முடிந்த பிறகு கொஞ்சம் பேச்சு, சிரிப்பு என்று இருப்போம். அப்படி ஒரு மாலையில் சுவர்க் கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைத்தேன். செக்கன் முள்ளைப் பார்த்துக்கொண்டிருங்கள், மனம் வந்த நேரம் ஒரு விரலை உயர்த்துங்கள், உயர்த்தவேண்டும் என்ற எண்ணம் வந்தபோது முள் எங்கே நின்றது என்று சொல்லுங்கள் என்றேன்.

இது ஆய்வு அல்ல, ஒரு விளையாட்டுத்தான். ஆனால் நடந்ததைக் கேளுங்கள். ஒருவர் முள் நான்கில் நின்றது என்று உறுதியாகச் சொன்னார். பக்கத்தில் இருந்தவர், "நீ விரலைத் தூக்கினது அஞ்சு தாண்டி, நான் பார்த்தனே" என்று மறுத்தார். இன்னொருவர், "நான் தூக்கிறதா வேண்டாமா எண்டு யோசிக்கவே விரல் தூக்கிட்டுது" என்றார். வெங்காயத் தோட்டத்தில் கூலி வேலை செய்யும் ஒரு தங்கை சொன்னது எல்லோரையும் அமைதியாக்கியது. "எண்ணம் எப்ப வந்தது எண்டு நீங்க கேட்ட பொறகுதான் தேடுறன் டீச்சர். தேடினா ஒண்டு கிடைக்குது. ஆனா அது முந்தியே இருந்ததா, இப்ப வந்ததா எண்டு தெரியேல்ல."

நீங்களும் வீட்டில் செய்து பாருங்கள். கிடுகு பின்னும்போது, மீன் வெட்டும்போது, கை எப்போது அடுத்த அசைவுக்குப் போக நினைத்தது என்று கவனித்துப் பாருங்கள். கவனிக்கத் தொடங்கியதும் கை தடுமாறும்.

அன்று ராத்தா விரலை உயர்த்தவில்லை. கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கூட்டம் கலைந்த பிறகு என்னிடம் வந்து, "அப்ப, மனசு சொன்னது எண்டு நான் நினைக்கிறது பொறகு வந்ததா இருக்குமா தங்கச்சி?" என்று கேட்டார்.

"இருக்கலாம் ராத்தா. இல்லாமலும் இருக்கலாம். அதை இனி ஆராலும் கண்டுபிடிக்க ஏலாது. உங்களாலயும் ஏலாது" என்றேன்.

அதற்கு மேல் சொல்ல எனக்கு உரிமை இல்லை. "நீங்கள் அப்படி நினைக்கவே இல்லை" என்று நான் சொன்னால் அதுவும் பொய்தான். அவர் தவறு செய்யவில்லை என்று இந்த ஆய்வுகள் நிரூபிக்கவில்லை. அந்த ஒரு கணத்தைப் பற்றிய அவரது உறுதி, அவர் நினைக்கும் அளவுக்குப் பலமான சாட்சியல்ல என்பதை மட்டுமே காட்டுகின்றன.

பிறகு நான் வேறொன்று கேட்டேன். அந்த நாலைந்து நாளும் நீங்கள் என்ன செய்தீர்கள்? தோணி போன பிறகு என்ன செய்தீர்கள்? ராத்தா கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். ஏறமாட்டேன் என்ற உம்மம்மாவுக்குப் பக்கத்திலேயே இரண்டு இரவு படுத்திருக்கிறார். தனக்கென்று ஓர் உடுப்புக்கூட எடுக்காமல், உம்மம்மாவின் பாக்குவெட்டியையும் மருந்துப் போத்தலையும் தன் பொட்டலத்தில் கட்டியிருக்கிறார். தோணியில் ஏறியதும் திருப்பச் சொல்லிக் கத்தியிருக்கிறார். கற்பிட்டியில் இறங்கிய பின் மூன்று நாளும் வருகிற படகெல்லாம் போய்ப் பார்த்திருக்கிறார். உம்மம்மா வந்ததும் முதலில் கேட்டது பாக்குவெட்டியை. எடுத்துக் கொடுத்தது இவர்தான்.

"அப்ப உங்கட நிய்யத் எங்க இருந்தது ராத்தா? அந்த அலையிலயா, அந்தப் பொட்டலத்திலயா?" என்று கேட்டேன்.

நோன்பு வைப்பவர்களுக்குத் தெரியும், நிய்யத் என்பது அறிந்து, அமைதியாக, முன்கூட்டியே மனதில் வைப்பது. பயத்தில் பறந்துபோகும் ஒரு நினைப்பை நம்மில் யாரும் நிய்யத் என்று சொல்வதில்லை. நான் மார்க்கம் படித்தவள் அல்ல, ஆகவே தீர்ப்புச் சொல்லவில்லை. ராத்தாவும் பதில் சொல்லவில்லை. ஆனால் அன்றைக்குத்தான் அவர் அழுததை முதல் தடவையாகப் பார்த்தேன்.

"கை தானாகப் போயிற்று" என்பவர்கள்

இவ்விடத்தில் சில சகோதரிகளுக்கு ஒரு கேள்வி எழும். எழவேண்டும். குடித்துவிட்டு வந்து அடிக்கும் கணவரும் மறுநாள் காலையில், "நான் நினைச்சு அடிக்கேல்ல, என்னை அறியாமக் கை நீண்டுட்டுது" என்றுதானே சொல்கிறார்? அவருக்கும் இந்த ஆய்வு துணைபோகுமா?

போகாது. இதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். முதலாவது, லிபெட் தாமே, எண்ணம் தெரிந்த பின்னும் அசைவைத் தடுத்து நிறுத்த மனிதருக்கு ஒரு சிறு அவகாசம் இருக்கிறது என்றார். இரண்டாவது, இந்த ஆய்வுகள் பார்த்தது காரணம் எதுவுமில்லாத விரலசைவை. 2012இல் ஷூர்கர் என்பவரும் கூட்டாளிகளும், அந்த மின்மாற்றம் ஏற்கனவே எடுத்த முடிவாக இருக்கவேண்டியதில்லை, மூளையில் எப்போதும் ஏறி இறங்கும் அலை ஒரு வரம்பைத் தொடும்போது அசைவு வருகிறது என்று விளக்கினார்கள். 2019இல் ஊரி மாஓஸ் குழுவினர் இன்னொன்று செய்தார்கள். இரண்டு தொண்டு நிறுவனங்களில் எதற்கு 1,000 டொலர் கிடைக்கவேண்டும் என்று ஆட்களை உண்மையாகவே தெரிவு செய்யவிட்டார்கள். வேறு தடவைகளில், எதை அழுத்தினாலும் இரண்டுக்கும் சமமாகப் போகும் என்று சொல்லி அழுத்தவிட்டார்கள். பொருளற்ற தெரிவில் அந்த மின்மாற்றம் தெரிந்தது. பொருளுள்ள தெரிவில் அது இல்லை, அல்லது மிகக் குறைவு. ஆகவே விரலைப் பற்றிய முடிவை வாழ்க்கையின் எல்லாத் தீர்மானத்துக்கும் நீட்டக்கூடாது.

மூன்றாவது காரணத்துக்கு ஆய்வே தேவையில்லை. தானாக நீளும் அந்தக் கை, முதலாளியிடமும் பொலிஸ்காரரிடமும் நீளுவதில்லை. முதல் தடவைக்கு மறுநாள் காலையிலேயே தன் கை என்ன செய்யும் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகு அந்தக் கையைக் கட்டிவைப்பது அவர் பொறுப்பு. நம் நாட்டில் 2005ஆம் ஆண்டின் வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. அதன்கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். எந்த இனத்துப் பெண்ணும், எந்த மதத்துப் பெண்ணும் கேட்கலாம்.

என் வேலையில் நான் கவனித்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அடித்தவர்கள் பெரும்பாலும் "தானாக நடந்தது" என்கிறார்கள். தப்பிப் பிழைத்தவர்களோ "நான்தான் செய்தேன்" என்கிறார்கள். 2009இல் முல்லைத்தீவுப் பக்கத்திலிருந்து வந்து, இப்போது இந்த மாவட்டத்தில் மணமுடித்து வாழும் ஒரு தமிழ்ச் சகோதரியும், "பங்கருக்குள்ள நான் முதல்ல குதிச்சன், தம்பி பிறகு" என்று ராத்தாவைப் போலவே தன்னைத்தான் விசாரிக்கிறார்.

என் கை செய்த பிழை

மற்றவர் கதையை மட்டும் எழுதினால் நேர்மையாகாது. என் கை செய்த ஒன்றும் இருக்கிறது.

போர் முடிந்த 2009க்குப் பிந்திய ஆண்டுகளில் நான் படித்துக்கொண்டே தகவல் திரட்டும் வேலைக்குப் போனேன். வீடு வீடாகப் படிவம் நிரப்ப வேண்டும். அதில் ஒரு கேள்வி: "சொந்த இடத்துக்குத் திரும்பும் எண்ணம் உண்டா?" பக்கத்தில் மூன்று கட்டங்கள். ஆம், இல்லை, தீர்மானிக்கவில்லை.

இந்தக் கேள்வி நம் மக்களுக்குப் புதிதல்ல. 2002 பெப்ரவரியில் போர்நிறுத்த ஒப்பந்தம் வந்தபோது கேட்டார்கள். 2007இல் உலக வங்கியின் உதவியோடு புத்தளத்தில் வீட்டுத்திட்டம் தொடங்கியபோது, இங்கே வீடு எடுத்தால் ஊருக்குப் போகும் உரிமை போய்விடுமோ என்று நாமே நம்மைக் கேட்டுக்கொண்டோம். 2009க்குப் பிறகு எல்லோரும் கேட்டார்கள். 1990இல் போக எண்ணமா என்று யாரும் கேட்கவில்லை.

ஒரு வீட்டில் ஒரு விதவைத் தாய், "போகத்தான் மனம் மகள்..." என்று தொடங்கினார். என் பேனை "ஆம்" என்ற கட்டத்தில் கோடு போட்டுவிட்டது. அவர் தொடர்ந்து பேசினார். பிள்ளைகள் இங்கே படிப்பது, ஊரில் காணி காடாகிக் கிடப்பது, தனியாக எப்படி இருப்பது என்றெல்லாம் சொன்னார். நான் தலையாட்டிக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போனேன். ஒரு வருடம் கழித்து அவர் என்னைத் தேடி வந்தார். திரும்பிப்போக விரும்புகிறவர் பட்டியலில் இருப்பதால் இங்கே கிடைக்கவேண்டிய ஓர் உதவி தனக்கு இல்லையென்று சொல்லிவிட்டார்கள் என்று அழுதார்.

அந்தக் கோட்டை நான் எப்போது தீர்மானித்தேன்? அவசரமா, களைப்பா, "ஆம்" என்பதே நல்ல பதில் என்று எனக்குள் இருந்த ஆசையா? எனக்குத் தெரியாது. ஏதாவதொன்றைச் சொல்லலாம், ஆனால் அது தேடி எடுத்ததாக இருக்கும். தெரியாததால் என் பொறுப்பு குறையவில்லை. அந்தத் தாயோடு நான்கு தடவை அலுவலகத்துக்கு அலைந்து திருத்தம் எழுதிக் கொடுத்தேன். நோக்கம் என்ன என்று ஆராய்வதைவிட, விளைந்த பிழையைத் திருத்துவது என் கைக்கு எட்டும் வேலையாக இருந்தது.

என் சொந்த உம்மாவும் எல்லாப் படிவத்திலும் "ஆம்" என்றே சொன்னவர். 2010இல் வாப்பா போய்க் காணியைத் துப்புரவாக்கினார். உம்மாவும் போனார். இரண்டு கிழமை இருந்தார். திரும்பி வந்தவர் பிறகு போகவில்லை. "அப்ப ஏனும்மா இவ்வளவு காலமும் போவன் போவன் எண்டு சொன்னீங்க?" என்று கேட்டேன். "கேட்டப்ப எல்லாம் மனசு ஓம் எண்டுதான் சொல்லிச்சு. கால் சொன்னது அங்க போய் நிண்டப்பதான் கேட்டுது" என்றார். அதேசமயம், கேட்ட ஒவ்வொரு தடவையும் "இல்லை, போகவே மாட்டேன்" என்று சொன்ன எங்கள் பக்கத்து வீட்டு மாமி, ஒருநாள் காலையில் இரண்டு பையோடு மன்னார் பஸ்ஸில் ஏறிப் போனார். இன்றும் அங்கேதான் இருக்கிறார். எப்போது முடிவெடுத்தீர்கள் என்று கேட்டால் அவருக்கும் சொல்லத் தெரியவில்லை.

இவர்களை "பொய் சொன்னவர்கள்" என்று பேசியவர்களும் உண்டு. நிவாரணத்துக்காக ஒரு பேச்சு, ஓட்டுக்காக ஒரு பேச்சு என்று ஏசினார்கள். அது அநியாயம். எண்ணம் என்பது பெட்டிக்குள் வைத்த நகை அல்ல, திறந்து எண்ணிப் பார்த்துச் சொல்வதற்கு. ஒரு செக்கனில் அசையும் விரலைப் பற்றியே நம்மால் சரியாகச் சொல்ல முடியாதபோது, இருபது வருடத்துக்குப் பிறகு ஒரு குடும்பம் எங்கே அசையும் என்பதை ஒரு கட்டத்துக்குள் எப்படிச் சொல்வது? யார் கேட்கிறார், எதற்காகக் கேட்கிறார், பக்கத்தில் யார் நிற்கிறார் என்பதெல்லாம் அந்தப் பதிலுக்குள் சேர்ந்துதான் வருகின்றன.

சகோதரிகளுக்கு மூன்று வேண்டுகோள்

முதலாவது, என்னைப் போலப் படிவத்தோடு வரும் தங்கைமாருக்கு. "ஆம்" என்று காதில் விழுந்ததும் கோடு போடாதீர்கள். அவர் பேசி முடிக்கட்டும். ஓரத்தில் அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுதுங்கள். எழுதியதை வாசித்துக் காட்டுங்கள். ஆறு மாதம் கழித்து மாற்றிச் சொல்லும் உரிமை அவருக்கு உண்டென்று சொல்லிவிட்டு வாருங்கள்.

இரண்டாவது, அயலவருக்கு. இழப்பைச் சந்தித்த ஒரு பெண்ணிடம், "அந்த நேரம் நீ என்ன நினைச்சாய்?" என்று கேட்காதீர்கள். அவர் ஒரு பதிலைத் தேடி எடுப்பார். தேடி எடுத்ததை அவரே நம்பத் தொடங்குவார். வருடக்கணக்கில் அதைச் சுமப்பார்.

மூன்றாவது, அந்த ஒரு கணத்தைச் சுமந்துகொண்டிருக்கும் உங்களுக்கு. உங்களை நீங்களே விசாரிக்காமல் இருங்கள் என்று நான் சொல்லவில்லை. சொன்னாலும் முடியாது. ஆனால் விசாரிப்பதென்றால் ஒரே சாட்சியை மட்டும் அழைக்காதீர்கள். அதற்கு முந்திய நாட்களையும் அழையுங்கள், பிந்திய நாட்களையும் அழையுங்கள். யாருக்காகச் சோறு எடுத்து வைத்தீர்கள், யாருடைய மருந்தைக் கட்டிக்கொண்டு வந்தீர்கள், யாரைத் தேடி எத்தனை நாள் நடந்தீர்கள் என்பதையும் கேளுங்கள். தனியாக முடியாவிட்டால், உங்கள் பிரதேசத்து ஆஸ்பத்திரியிலோ பிரதேச செயலகத்திலோ உளவளத்துணையாளர் இருக்கிறாரா என்று விசாரித்துப் போங்கள். போவது வெட்கமல்ல.

ராத்தா குணமாகிவிட்டார் என்று நான் எழுதப்போவதில்லை. மழைக்காலம் தொடங்கினால் அவருக்கு இப்போதும் தூக்கம் வராது. போன மாதக் கூட்டத்துக்கு வந்தபோது ஒரு துணிப் பொட்டலத்தை அவிழ்த்து எங்களுக்குக் காட்டினார். துருப்பிடித்த பாக்குவெட்டி. இத்தனை வருடமும் அலுமாரிக்குள் வைத்திருந்தாராம். எண்ணெய் போட்டுத் துடைத்து, கூட்டம் முடிந்து தேநீர் குடித்தபோது அதிலேயே பாக்குச் சீவிக் கொடுத்தார். நாங்கள் எல்லோரும் ஒரு துண்டு வாங்கிக்கொண்டோம்.